மூணு முடிச்சு

2024 ஆகஸ்ட்டில் ஒரு மத்தியானம் என் அப்பாவுக்கு ஒரு போன் வந்தது. எடுத்தது அம்மா.

'சார் இருக்காங்களா மேடம்?'

'இல்லீங்க.'

'எப்ப வருவாங்க?'

அம்மா கொஞ்ச நேரம் ஒன்றும் சொல்லவில்லை. அப்பா அந்த வருஷம் மார்ச் மாதமே போய்விட்டார்.

'அவர் இனிமே வர மாட்டாருங்க.'

'அப்ப எந்த டைம்ல கூப்பிட்டா லைன்ல கிடைப்பாங்க மேடம்?'

இதைக் கதைக்காகச் சொல்லவில்லை. வார்த்தைக்கு வார்த்தை அம்மா எனக்கு ஒப்பித்தது. பேசிய பெண்ணுக்கு இருபத்திரண்டு, இருபத்திமூன்று வயசு இருக்கும். எதிரே கம்ப்யூட்டர் திரையில் அப்பாவின் பெயர், அதற்குப் பக்கத்தில் 3,065 ரூபாய் 64 பைசா பாக்கி. அவ்வளவுதான் அவளுக்குத் தெரியும். பணம் கட்டாவிட்டால் 'லீகல் நோட்டீஸ்' வரும் என்று சொல்லிவிட்டு, 'இந்த நாள் இனிய நாளாக அமையட்டும்' என்று வாழ்த்தி போனை வைத்தாள்.

சாயங்காலம் நான் போனபோது அம்மா கேட்டது ஒரே கேள்வி: 'அப்பா ஒருத்தர்கிட்டயும் ஒரு ரூபா கடன் வெச்சுட்டுப் போகலையேடா. இவங்க யாரு?'

இவர்கள் யார் என்றுதான் இந்த வாரம் பார்க்கப் போகிறோம். உங்கள் வீட்டுக்கும் இவர்கள் வந்திருக்கலாம். வராவிட்டால், உங்கள் அடுக்குமாடிக் குடியிருப்பின் வாசலில் ஒரு குடையை விரித்து, பலூன் கட்டி, சீக்கிரமே வருவார்கள்.

*

எங்கள் மடிப்பாக்கம் வீட்டு வாசலில் அந்தக் குடை 2021-ல் விரிந்தது. கொரோனா வந்து, வீட்டுக்குள்ளேயே எல்லோருக்கும் ஆபீஸ், பள்ளிக்கூடம், கோயில் என்று ஆகிவிட்ட காலம். கழுத்தில் பட்டை மாட்டிய ஒரு பையன் அப்பாவிடம் விளக்கினான். இன்டர்நெட், லேண்ட்லைன், டி.வி. மூன்றும் ஒரே ஒயரில். ஒரே பில். ஒரே கம்பெனி. 'ஒரே தலைவலி சார், மூணு தலைவலி எதுக்கு?' என்று அவன் சொன்னதில் இருந்த உண்மை எங்களுக்கு அப்போது உறைக்கவில்லை.

இன்டர்நெட் மட்டும் போதும் என்றால் மாதம் 899 ரூபாய். மூன்றும் சேர்ந்தால் 999. நூறு ரூபாய் வித்தியாசத்தில் போனும் டி.வி.யும்! பென்ஷன் வாங்கும் மனிதர் வேறு என்ன செய்வார்? 2,000 ரூபாய் டெபாசிட் கட்டினார், 'திரும்பக் கிடைக்கும்' என்று ரசீதில் எழுதி வாங்கிக்கொண்டார். கணக்குப் பிரிவில் முப்பது வருஷம் வேலை பார்த்தவர். எழுதி வாங்காமல் எதையும் விடமாட்டார்.

999 என்பது 18 சதவிகித ஜி.எஸ்.டி.யோடு 1,178 ரூபாய் 82 பைசா என்று முதல் பில்லில் தெரிந்தது. அந்த 999-ம் 'அறிமுகச் சலுகை' என்பது ஏழாவது மாதம் தெரிந்தது. அதற்கப்புறம் 1,299. வரியோடு 1,532 ரூபாய் 82 பைசா.

இன்னொன்றும் நடந்தது. வீட்டில் முப்பது வருஷமாக இருந்த பழைய லேண்ட்லைனைச் சரண்டர் செய்யச் சொன்னான். 'அதே நம்பரை மாத்தித் தந்துடலாம் சார்' என்றான். பொய். நம் நாட்டில் மொபைல் நம்பரைக் கம்பெனி விட்டுக் கம்பெனி கொண்டுபோகும் வசதி 2011 ஜனவரியிலிருந்து நாடு முழுக்க இருக்கிறது. லேண்ட்லைனுக்கு அந்த வசதி கிடையாது. கழுத்துப் பட்டைப் பையனுக்கு இது தெரியாமல் இருந்திருக்கலாம், அவனை அனுப்பிய கம்பெனிக்குத் தெரியாமல் இருக்காது. பழைய நம்பர் போயிற்று. உறவுக்காரர்கள் பாதிப் பேர் மனப்பாடமாக வைத்திருந்த நம்பர். அத்தை ஒருத்தி அடுத்த ஆறு மாதம் யாரோ ஒருவர் வீட்டைக் கூப்பிட்டு அம்மாவைக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

*

ரேஷன் கடையில் சர்க்கரை வேண்டுமென்றால் கூடவே சோப்பும் உப்பும் வாங்கச் சொல்வார்களே, அனுபவித்திருக்கிறீர்களா? இதுவும் அதுதான். கார்ப்பரேட் காரர்கள் அதற்கு 'ட்ரிபிள் ப்ளே' என்று பெயர் வைத்திருக்கிறார்கள். 'கட்டுச் சலுகை' என்று தமிழில் சொல்லலாம். கட்டுவது யாரை என்பதுதான் கேள்வி.

இது இங்கே பிறந்த வித்தை இல்லை. அமெரிக்காவில் டெலிவிஷன் புதுசாக வந்தபோது, சினிமா விநியோகஸ்தர்கள் பழைய படங்களைக் கட்டுக் கட்டாகத்தான் டி.வி. நிலையங்களுக்கு விற்றார்கள். 'கஸாப்ளாங்கா' வேண்டுமா? சரி, கூடவே 'கொரில்லா மேன்' எடுத்துக்கொள். விவகாரம் சுப்ரீம் கோர்ட் வரை போய், 1962-ல் அந்தக் கோர்ட், படங்களைத் தனித்தனியாக விற்க மறுத்து இப்படித் தலையில் கட்டுவது சட்டவிரோதம் என்று தீர்ப்புச் சொன்னது.

நம் ஊர் சட்டமும் ஒன்றும் தூங்கவில்லை. ஒரு பொருளையோ சேவையையோ வாங்க வேண்டுமென்றால் இன்னொன்றையும் வாங்கியே ஆகவேண்டும் என்று நிபந்தனை போடுவதை நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 'கட்டுப்படுத்தும் வணிக நடைமுறை' என்ற தலைப்பில் வைத்துக் குற்றம் சொல்கிறது. அதனால்தான் கம்பெனிகள் 'வாங்கியே ஆகவேண்டும்' என்று ஒருபோதும் சொல்வதில்லை. தனியாக வாங்கினால் 899, சேர்த்து வாங்கினால் 999 என்று மட்டும் சொல்கின்றன. நிர்ப்பந்தம் கிடையாது. வாசல் திறந்தே இருக்கிறது, நீங்களாகத்தான் உள்ளே போகிறீர்கள்.

நூறு ரூபாய்க்கு எப்படி இரண்டு சேவை தர முடிகிறது? தர்மம் இல்லை. கண்ணாடி இழைக் கேபிளை உங்கள் வீடு வரை இழுத்துவர ஆகும் செலவுதான் பெரிய செலவு. இழுத்த பிறகு அதில் ஒரு குரலையும் நாலு படத்தையும் கூடவே அனுப்ப ஆகும் செலவு மிகக் குறைவு. சரி, குறைந்த செலவை நமக்குக் குறைந்த விலையாகத் தருகிறார்கள், நல்லதுதானே என்று கேட்பீர்கள்.

நல்லதுதான், அதோடு நின்றால். அவர்கள் குறி வேறு. ஒரு சேவை மட்டும் வாங்கியவன் கோபம் வந்தால் மறுநாளே கடை மாறுவான். மூன்று வாங்கியவன் மாறமாட்டான். மகளுக்கு இன்டர்நெட் சரியில்லை என்றால் அப்பா 'டி.வி. நல்லாத்தானே வருது' என்பார். டி.வி. சரியில்லை என்றால், 'போன் நம்பரை எல்லாருக்கும் கொடுத்தாச்சே' என்பாள் அம்மா. ஒவ்வொன்றும் மற்ற இரண்டுக்கும் ஜாமீன். நூறு ரூபாய்க்கு நமக்குக் கிடைப்பது இரண்டு சேவை, அவர்களுக்குக் கிடைப்பது இரண்டு முடிச்சு. ஏற்கெனவே போட்ட ஒன்றோடு சேர்த்து மூணு முடிச்சு. தாலியாவது முகூர்த்தம் பார்த்துக் கட்டுவார்கள்.

*

2023 டிசம்பர் 3, 4 தேதிகளை சென்னைக்காரர்கள் மறக்கமாட்டார்கள். மிக்ஜாம் புயல். வேளச்சேரி, பள்ளிக்கரணை, மடிப்பாக்கம் எல்லாம் தண்ணீருக்குள். முன்னெச்சரிக்கையாக மின்சாரத்தை நிறுத்தினார்கள், அது சரியான முடிவு. நான் இருப்பது அம்பத்தூர் பக்கம். என் தெருவிலும் முழங்கால் தண்ணீர். அப்பா, அம்மா இருவரும் அந்தக் கோடியில், முதல் மாடியில்.

லேண்ட்லைனுக்கு அடித்தேன். சத்தமே இல்லை. மொபைலுக்கு அடித்தேன். டவரும் இல்லை, அவர்கள் போனில் சார்ஜும் இல்லை. இரண்டு நாள் அவர்கள் உயிரோடு இருக்கிறார்களா என்றே எனக்குத் தெரியாது. அப்பாவின் பிரஷர் மாத்திரை முதல் நாளே தீர்ந்துவிட்டது. அந்தத் தெருவில் இடுப்பளவு தண்ணீரில் டெலிபோன் பேச ஆள் தேடி அலைந்திருக்கிறார், எழுபத்தாறு வயசு மனிதர். மூன்றாம் நாள் காலை நான் ஒரு மீன்பிடிப் படகில் தொற்றிக்கொண்டு போய்ச் சேர்ந்தேன்.

2016-ல் வார்தா புயல் அடித்தபோது அதே வீட்டில் கரெண்ட் இல்லை. ஆனால் பழைய போன் வேலை செய்தது. தினமும் ராத்திரி பேசினோம். ஏன் தெரியுமா? பழைய லேண்ட்லைன் செப்புக் கம்பியில் வந்தது. அந்தக் கம்பி வழியாகவே டெலிபோன் எக்ஸ்சேஞ்சிலிருந்து 48 வோல்ட் மின்சாரமும் வந்தது. எக்ஸ்சேஞ்சில் பெரிய பெரிய பேட்டரிகளும் ஜெனரேட்டரும் இருக்கும். உங்கள் தெருவில் கரெண்ட் போனாலும் போன் உயிரோடு இருந்தது அதனால்தான். கண்ணாடி இழையில் வெளிச்சம் வரும், மின்சாரம் வராது. உங்கள் வீட்டுச் சுவரில் இருக்கும் பெட்டிக்கு நீங்கள்தான் கரெண்ட் கொடுக்க வேண்டும். கரெண்ட் போனால் இன்டர்நெட், டி.வி., போன் மூன்றும் ஒரே நொடியில் கண்ணை மூடும்.

செப்புக் கம்பிக்குத் திரும்பிப் போகச் சொல்லவில்லை. கண்ணாடி இழை பிரமாதமான விஷயம். அந்தப் பெட்டிக்கு ஒரு சின்ன பேட்டரி வைத்தால் சில மணி நேரம் தாங்கும், கடைகளில் கிடைக்கிறது. என் கோபமெல்லாம் இதுதான். 'லேண்ட்லைன்' என்ற பழைய, நம்பிக்கையான பெயரைச் சொல்லி விற்றார்கள். கரெண்ட் போனால் இது வேலை செய்யாது என்று வயதான ஒரு தம்பதியிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. விண்ணப்பத்தில் எங்கேயும் இல்லை. பதினான்கு சினிமா ஆப்களின் பெயர் மட்டும் கலர் கலராக இருந்தது. அவற்றில் ஒன்றைக்கூட என் பெற்றோர் ஒரு நாளும் திறந்து பார்த்ததில்லை.

*

மூன்று மாதம் கழித்து அப்பா இறந்தார். அதற்கும் புயலுக்கும் சம்பந்தமில்லை. ராத்திரி தூக்கத்தில், இதயம்.

அம்மா மே மாதம் சொன்னாள்: 'எனக்கு எதுக்குடா இன்டர்நெட்? நிறுத்திடு.' மே மாதம் முடிய பணம் கட்டியிருந்தது. மே 6-ந் தேதி கஸ்டமர் கேருக்குப் போன் செய்தேன். தமிழுக்கு 1. புது இணைப்புக்கு 1, பில் கட்ட 2, பழுதுக்கு 3, பிளானை உயர்த்த 4. இணைப்பைத் துண்டிக்க? எந்த எண்ணும் இல்லை. புதுசாக வருபவனுக்கு ஒரு நொடியில் மனிதக் குரல் கிடைக்கிறது. போகிறவனுக்குப் பதினேழு நிமிஷம் வயலின்.

கடைசியில் ஒரு பையன் கிடைத்தான்.

'கனெக்ஷன் யார் பேர்ல இருக்கோ அவங்க பேசணும் சார்.'

'அவர் இறந்துட்டாருப்பா.'

'ஓ, சாரி சார். அப்ப அவங்க ரெஜிஸ்டர்ட் மொபைலுக்கு ஒரு ஓ.டி.பி. வரும், அதைச் சொல்லுங்க.'

அப்பாவின் மொபைல் நம்பர் ரீசார்ஜ் செய்யாமல் அவருக்குப் பின்னாலேயே போய்விட்டது. அதைச் சொன்னேன். அப்படியானால் நம்பரை மாற்ற வேண்டும். மாற்ற என்ன செய்யணும்? பழைய நம்பருக்கு ஒரு ஓ.டி.பி. வரும்.

இரண்டாவது அழைப்பில் 'ரிடென்ஷன் டீம்' என்ற பிரிவுக்கு மாற்றினார்கள். போகிறவனைப் பிடித்து நிறுத்துவதற்கென்றே ஒரு படை. அந்தப் பெண் மிக அன்பாகப் பேசினாள். 'உங்களுக்காக ஸ்பெஷலா மூணு மாசம் ஃப்ரீ தர்றோம் சார்.'

'யாருக்கு?'

'அக்கவுண்ட் ஹோல்டருக்கு சார்.'

மூன்றாவது முறை இறப்புச் சான்றிதழை ஈமெயிலில் அனுப்பினேன். 'உங்கள் கருத்துக்கு நன்றி' என்று பதில் வந்தது. நாலாவது முறை, பெட்டியை ஆபீசில் கொண்டுவந்து கொடுக்கச் சொன்னார்கள். கொண்டுபோனேன். ஆபீசில், நாங்கள் வாங்க மாட்டோம், வீட்டுக்கு ஆள் வருவார் என்றார்கள். ஆள் வந்தார். ரிமோட் இல்லையென்று 400 ரூபாய் கேட்டார். ரிமோட் சோபாவுக்கு அடியில் கிடைத்தது. அப்படியானால் அடாப்டர் எங்கே என்றார். எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டு ரசீது கொடுக்காமல் போனார். ஜூனுக்குப் பில் வந்தது. ஜூலைக்கும் வந்தது. இல்லாத பெட்டியில், இல்லாத மனிதர் பார்த்த டி.வி.க்கு 3,065 ரூபாய் 64 பைசா. பிறகுதான் முதலில் சொன்ன அந்த போன்.

இதில் என்னிடம் பேசிய எந்தப் பையன் மேலும், பெண் மேலும் எனக்குக் கோபம் இல்லை. அவர்களுக்கு ஒரு தாள் கொடுக்கப்பட்டிருக்கிறது, அதில் எழுதியிருப்பதைத்தான் வாசிக்க முடியும். 'அவர் இறந்துட்டார்' என்பதற்கு அந்தத் தாளில் பதில் இல்லை. பதில் இல்லாமல் தாள் தயாரித்தவர் ஏ.சி. அறையில் இருக்கிறார். அவர் மேல்தான் கோபம். மனிதர்கள் சாவார்கள் என்பது ஒரு கம்பெனிக்கு எதிர்பாராத செய்தியாக இருக்க முடியுமா? இன்ஷூரன்ஸ்காரர்களுக்குத் தெரிகிறது, பேங்க்காரர்களுக்குத் தெரிகிறது. இவர்களுக்கு மட்டும் தெரியவில்லை என்றால், தெரியாமல் இருப்பதில் லாபம் இருக்கிறது என்று அர்த்தம்.

*

'ட்ராய்க்கு எழுதுங்க சார்' என்றார் பக்கத்து வீட்டுக்காரர். ட்ராய் என்கிற தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையம் 1997-லிருந்து இருக்கிறது. விதிகள் போடும். தனி மனிதரின் புகாரை அது விசாரிக்காது. அது அதன் வேலையில்லை என்று அதுவே சொல்லும். 2000-ல் இதற்கென்றே ஒரு தீர்ப்பாயமும் வந்தது. கம்பெனிகள் தங்களுக்குள் சண்டை போட அது நல்ல இடம். என் அம்மாவின் 3,065 ரூபாய்க்கு அங்கே இடமில்லை.

நுகர்வோர் கோர்ட்? இந்தக் கதை இன்னும் விசித்திரம். 2009-ல் சுப்ரீம் கோர்ட், டெலிபோன் பில் தகராறுகளை நுகர்வோர் மன்றம் விசாரிக்க முடியாது, 1885-ம் வருஷத்துத் தந்திச் சட்டத்தின் 7-பி பிரிவுப்படி மத்தியஸ்தரிடம்தான் போக வேண்டும் என்று சொல்லிவிட்டது. 2013 ஜூலையில் தந்தி சேவையையே மூடிவிட்டார்கள். தந்தி செத்த பிறகும் தந்திச் சட்டம் கம்பெனிகளுக்குக் காவல் நின்றது. மாதம் சராசரியாக 555 ரூபாய் பில் கட்டிவந்த அகமதாபாத்காரர் ஒருவருக்கு ஒரே மாதத்துக்கு 24,609 ரூபாய் பில் வந்து, அவர் விடாமல் போராடி, 2022 பிப்ரவரியில்தான் சுப்ரீம் கோர்ட் கதவைத் திறந்தது: தனியார் டெலிபோன் கம்பெனி மேல் நுகர்வோர் மன்றத்தில் வழக்குப் போடலாம். அந்த மனிதருக்கு நாம் எல்லோரும் ஒரு காபி வாங்கிக் கொடுக்கக் கடமைப்பட்டிருக்கிறோம்.

இன்னொரு வேடிக்கை. பில் ஒன்றுதான், ஆனால் சட்டப் புத்தகம் மூன்று. போனுக்கும் இன்டர்நெட்டுக்கும் ட்ராயின் 2012-ம் வருஷத்துப் புகார் விதிகள். டி.வி. சேனல்களுக்கு ட்ராயின் வேறு விதிகள், 2017-ல் போட்டது. சினிமா ஆப்களோ ட்ராயின் கையிலேயே இல்லை. விற்கும்போது 'எல்லாம் ஒன்று சார்' என்றவர்கள், புகார் சொன்னால் 'அது வேற டிபார்ட்மென்ட்' என்பார்கள். சேர்ப்பதற்கு ஒரு கை, பிரிப்பதற்கு மூன்று கை.

*

'ஓய், அந்தக் காலத்துல ஒரு போன் வாங்க எத்தனை வருஷம் காத்திருந்தோம் தெரியுமா? தனியார் வந்ததால்தானே இப்ப இவ்வளவு மலிவு?' என்று சிலர் அடிக்க வருவார்கள். ஒப்புக்கொள்கிறேன். அரசாங்க டெலிபோன் காலத்தை நான் பூ வைத்துக் கும்பிடவில்லை. போனுக்குப் பதிவு செய்துவிட்டுப் பிள்ளைக்குக் கல்யாணமே ஆகிவிட்ட வீடுகள் உண்டு. லைன்மேனுக்கு தீபாவளி இனாம் கொடுக்காவிட்டால் ஜனவரி வரை டயல் டோன் வராது. 2003 செப்டம்பரில் இந்தியாவிலேயே முதலாக சென்னையில் செட் டாப் பாக்ஸைக் கட்டாயமாக்கி, கட்டணச் சேனல் பார்க்க முடியாமல் நாம் திண்டாடியதும் மறக்கவில்லை. 2004-ல் அரசாங்கம் நொடிக்கு 256 கிலோபிட் வேகத்தை 'பிராட்பேண்ட்' என்று அழைத்தது. இன்று கடைக்கோடித் தெருவிலும் அதைப்போல நூறு மடங்கு வேகம் கிடைக்கிறது. எல்லாம் சரி.

ஆனால் அன்றைக்குக் கஷ்டம் உள்ளே போவதில் இருந்தது. இன்றைக்குக் கஷ்டம் வெளியே வருவதில் இருக்கிறது. முன்னது பற்றாக்குறையால் வந்தது. பின்னது திட்டம் போட்டுச் செய்தது. போட்டிதான் வாடிக்கையாளனுக்குப் பாதுகாப்பு என்று பொருளாதாரக்காரர்கள் சொல்கிறார்களே, கடையை விட்டு வெளியே வர முடியாதவனுக்குப் பக்கத்துக் கடை இருந்து என்ன பிரயோசனம்?

மற்ற நாடுகள் இதைக் கவனித்திருக்கின்றன. ஜெர்மனியில் 2022 ஜூலை 1-லிருந்து, இணையதளத்தில் சந்தா விற்கிறவர்கள் அதே தளத்தில் 'இங்கே ரத்து செய்யவும்' என்று ஒரு பட்டன் வைத்தே ஆகவேண்டும். அமெரிக்காவில் 2024 அக்டோபரில், சேருவது எவ்வளவு சுலபமோ விலகுவதும் அவ்வளவு சுலபமாக இருக்க வேண்டும் என்று விதி போட்டார்கள். கம்பெனிகள் கோர்ட்டுக்குப் போய், நடைமுறைக் கோளாறு காட்டி, 2025 ஜூலையில் அதை ரத்து செய்ய வைத்தன. ஒரு பட்டனுக்கு எதிராக இவ்வளவு வக்கீல் செலவு செய்கிறார்கள் என்றால், அந்தப் பட்டன் இல்லாததில் எவ்வளவு பணம் இருக்கும் என்று யோசியுங்கள்.

நம் நாட்டிலும் 2023 நவம்பர் 30-ல் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 13 வகை ஏமாற்று வடிவங்களைப் பட்டியல் போட்டுத் தடை செய்திருக்கிறது. அதில் ஒன்றின் பெயர் 'சந்தாப் பொறி'. சந்தாவை ரத்து செய்ய முடியாமல், அல்லது சுற்றிச் சுற்றி அலைய வைத்துச் செய்வது. பெயர் வைத்தாகிவிட்டது. எலியும் மாட்டியிருக்கிறது. பொறி வைத்தவனைத்தான் இன்னும் யாரும் கேட்கவில்லை.

*

நான் கடைசியில் செய்ததைச் சொல்கிறேன், உங்களுக்கு உதவும்.

முதல் வேலை, வாயால் பேசுவதை நிறுத்தினேன். புகார் எண் இல்லாத எந்தப் பேச்சும் காற்றோடு போகும். 2012 விதிகளின்படி ஒவ்வொரு புகாருக்கும் ஒரு எண் தரவேண்டும், கேட்டு வாங்குங்கள். அதில் தீர்வு இல்லையென்றால் அதே கம்பெனிக்குள்ளேயே 'மேல்முறையீட்டு அதிகாரி' என்று ஒருவர் இருக்க வேண்டும். இதற்குக் கட்டணம் கிடையாது. 39 நாளுக்குள் அவர் முடிவு சொல்ல வேண்டும். அவர் முகவரி கம்பெனி இணையதளத்தின் அடியில், எறும்பு எழுத்தில் இருக்கும்.

இரண்டாவது, 1915. தேசிய நுகர்வோர் உதவி எண். இறப்புச் சான்றிதழ், மே 6-லிருந்து நான் பேசிய தேதிகள், ஈமெயில் எல்லாவற்றையும் சேர்த்துப் புகார் பதிவு செய்தேன். மூன்று மாதம் அசையாத மலை பதினோராம் நாள் அசைந்தது. 'பெரிய அதிகாரி' ஒருவர் பேசினார். மூன்றே நிமிஷத்தில் இணைப்பு ரத்து, பாக்கி ரத்து. மூன்று நிமிஷம்! அப்படியானால் இந்த மூன்று மாதம் எதற்கு என்று கேட்டேன். 'சிஸ்டம் சார்' என்றார்.

டெபாசிட் 2,000 ரூபாய் 2025 ஜனவரியில், ஐந்து மாதம் கழித்து வந்தது. அறுபது நாளில் திருப்பித் தரவேண்டும் என்று ட்ராய் 2006-லேயே விதி போட்டிருந்தது. வட்டி வரவில்லை. மன்னிப்பும் வரவில்லை.

மூன்றாவது வழிக்கு எனக்கு அவசியம் வரவில்லை. உங்களுக்கு வரலாம். உங்கள் மாவட்ட நுகர்வோர் ஆணையம். 2020 ஜூலையில் அமலுக்கு வந்த புதுச் சட்டப்படி நீங்கள் குடியிருக்கும் ஊரிலேயே வழக்குப் போடலாம், கம்பெனியின் தலைமையகத்தைத் தேடி மும்பைக்கும் டெல்லிக்கும் ஓட வேண்டாம். ஐந்து லட்சம் வரை கட்டணம் இல்லை, வக்கீலும் கட்டாயமில்லை. ஆன்லைனிலும் தாக்கல் செய்யலாம். இரண்டாயிரம் ரூபாய்க்குப் போய் யார் கோர்ட்டுக்கு அலைவார்கள் என்றுதான் அவர்கள் கணக்குப் போடுகிறார்கள். லட்சம் பேரின் இரண்டாயிரம் இருபது கோடி. அலைய மறுக்கும் நம் சோம்பேறித்தனத்துக்கு அவர்கள் புத்தகத்தில் ஒரு வரவுப் பக்கம் இருக்கிறது.

நான் கேட்பது பெரிசாக ஒன்றுமில்லை. சேரும் வழியிலேயே விலகும் வழியும் இருக்கட்டும், அதே போன் மெனுவில், ஒரே ஒரு எண். பில்லில் மூன்று சேவைக்கும் தனித்தனி விலை போடட்டும், வேண்டாததை அறுத்துவிட்டு மற்றதை வைத்துக்கொள்ள. கரெண்ட் போனால் இந்த போன் பேசாது என்று, 'இலவசம்' என்ற வார்த்தையை எந்த அளவு எழுத்தில் போடுகிறார்களோ அதே அளவில் போடட்டும். வாடிக்கையாளர் இறந்துவிட்டால், இறப்புச் சான்றிதழ் கொடுத்த ஏழு நாளில் கணக்கை மூடட்டும். ட்ராய் நினைத்தால் ஒரு பக்க உத்தரவில் முடிகிற விஷயங்கள்.

அது வருகிற வரை ஒரு காரியம் செய்யுங்கள். இன்று ராத்திரி சாப்பிட்ட பிறகு உங்கள் வீட்டு இன்டர்நெட் பில்லை எடுத்துப் பாருங்கள். யார் பெயரில் இருக்கிறது? அவர் வயசு என்ன? பதிவு செய்த மொபைல் நம்பர் யாருடையது, அது இப்போது உயிரோடு இருக்கிறதா? அவர் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும்போதே அந்த நம்பரை மாற்றிவிடுங்கள், ஓ.டி.பி. அவர் போனுக்கு வரும்போதே. சங்கடமான பேச்சுதான். என் அப்பாவிடம் நான் பேசாமல் விட்ட பேச்சு அது.

அம்மா இப்போது ஒரு பட்டன் போன் வைத்திருக்கிறாள். டி.வி.க்கு தெருமுனை கேபிள்காரர். பணம் வாங்க அவர் மாதா மாதம் நேரில் வருகிறார். முதல் மாதம் வந்தபோது வாசலில் நின்று, 'ஐயா போனது எனக்குத் தெரியாதும்மா' என்று சொல்லிவிட்டு, ரசீதில் அப்பா பெயரை அடித்து அம்மா பெயரை எழுதினார்.

ஓ.டி.பி. கேட்கவில்லை.